அசல் பாகங்களால் ஆன போலி

2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்துக்குப் பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று வந்தது. 1957-ல் அறிமுகமான முதல் தலைமுறை அது. சேகரிப்பாளர்கள் 2915-1 என்ற எண்ணால் அழைக்கும் வகை. கறுப்பாக இருந்திருக்க வேண்டிய டயல், ஆண்டுக்கணக்கில் வெளிறி, ஒரே சீராகச் சாக்லேட் நிறத்துக்கு மாறியிருந்தது. 80,000 முதல் 1,20,000 சுவிஸ் ஃபிராங்க் வரை போகலாம் என்று ஏலக்காரர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். போட்டி ஓய்ந்தபோது விலை 31 லட்சம் ஃபிராங்கைத் தாண்டியிருந்தது. அதுவரை எந்த ஒமேகாவும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை. வாங்கியவர் யார் என்று பார்த்தால், ஒமேகா நிறுவனமேதான். பீல் நகரில் இருக்கும் தன் அருங்காட்சியகத்துக்காக வாங்கியிருந்தது.

2023-ல் அதே நிறுவனம் உலகறியச் சொன்னது: அந்த வாட்ச் ஓர் ஒட்டுவேலை. பாகங்களில் பெரும்பாலானவை ஒமேகாவின் அசல் பாகங்கள்தான். ஆனால் அவை ஒரே வாட்சாகத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தவை அல்ல. வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்துக் கோத்தவை. தன்னிடம் முன்பு வேலை பார்த்த மூன்று பேருக்கு இதில் பங்கு இருக்கிறது என்றும் நிறுவனம் குற்றம் சாட்டியது.

வாட்சைச் செய்தவர்களே ஏமாந்த இடத்தில், இணையத்தில் நாலு படம் பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிற நாம் எம்மாத்திரம்? இந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் இந்தக் கதை எனக்குப் பயத்தைவிட ஆர்வத்தையே தருகிறது. செகண்ட்ஹேண்ட் வாட்சைக் கையில் வாங்கியவுடன் எல்லோரும் கேட்பது "இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" என்பதுதான். ஜெனீவா வாட்சிடம் இப்படிக் கேட்டிருந்தால் பெரும்பாலான பாகங்கள் "ஒரிஜினல்" என்றே பதில் சொல்லியிருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த டயலும் இந்த முட்களும் இந்த இயந்திரமும் இந்தக் கூடும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா? ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்கிறதா? ஒரு வாட்சுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பாகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்து வாக்குமூலங்களை ஒப்பிடுவதுதான் வேலை. அதற்கு இயற்பியலும் வேதியியலும் அருமையான கருவிகளைக் கொடுத்திருக்கின்றன. சில நம் சட்டைப்பையிலேயே இருக்கின்றன.

முதல் சாட்சி ஒலி. மெக்கானிக்கல் வாட்சைக் காதோடு ஒட்டி வைத்தால் கேட்கிற 'டிக்' ஒற்றை ஒலி போலத்தான் தோன்றும். உண்மையில் அது மூன்று ஒலிகளின் தொகுப்பு. அங்குமிங்கும் ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்தின் அடியில் சின்னஞ்சிறு மாணிக்கக் கல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அது கவை போன்ற ஒரு நெம்புகோலின் வாயில் வந்து மோதுவது முதல் ஒலி. அந்த மோதலில் பூட்டு விடுபட, பற்சக்கரத்தின் பல் ஒன்று நெம்புகோலில் பதித்த கல்லைத் தள்ளிக்கொண்டு நழுவுவது இரண்டாவது. மறுபக்கக் கல்லின் மேல் இன்னொரு பல் வந்து விழுந்து சக்கரம் நிற்பது மூன்றாவது. நம் காதில் உரக்க விழுவது இந்தக் கடைசி ஒலிதான். எல்லாம் நொடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் நடந்து முடிகிறது.

இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கும் கருவிக்கு டைம்கிராஃபர் என்று பெயர். சிறிய தாங்கியில் வாட்சைப் பொருத்தினால் அதிலுள்ள மைக் ஒலியை வாங்கிக்கொள்ளும். திரையில் புள்ளிகள் வரிசையாக ஓடி இரண்டு கோடுகளாக விரியும். கோடு மேல்நோக்கிச் சாய்ந்தால் வாட்ச் வேகமாக ஓடுகிறது. கீழ்நோக்கிச் சாய்ந்தால் மெதுவாக ஓடுகிறது. இரண்டு கோடுகளுக்கும் இடையே இடைவெளி அதிகமென்றால் 'டிக்'கும் 'டாக்'கும் சம அளவில் இல்லை. இதைவிட நுட்பமான தகவல் ஒன்றும் கிடைக்கும். முதல் ஒலிக்கும் மூன்றாவது ஒலிக்கும் இடையிலான நேரத்தை அளந்து, பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வரை சுழன்று திரும்புகிறது என்று கருவி கணக்கிட்டுவிடும். சக்கரம் வேகமாகப் போனால் அந்த இடைவெளி குறையும், அவ்வளவுதான் தத்துவம். முழுதாகச் சாவி கொடுத்த, ஆரோக்கியமான நவீன வாட்சைப் படுக்க வைத்தால் 270 முதல் 310 டிகிரி வரை காட்டும். 200-க்குக் கீழே இறங்கினால் எண்ணெய் உலர்ந்திருக்கும் அல்லது உள்ளே ஏதோ தேய்ந்திருக்கும்.

இது உடல்நலப் பரிசோதனைதானே, அசலைக் கண்டுபிடிக்க எப்படி உதவும்? துடிப்பின் எண்ணிக்கை உதவும். ஒவ்வொரு இயந்திரமும் மணிக்கு இத்தனை துடிப்பு என்று வடிவமைக்கப்பட்டது. அதை விருப்பம்போல மாற்ற முடியாது. இன்றைய ரோலக்ஸ்களில் பெரும்பாலானவை மணிக்கு 28,800 முறை, அதாவது நொடிக்கு 8 முறை துடிக்கும். ஒமேகா சீமாஸ்டரில் இப்போது வரும் 8800 இயந்திரம் 25,200 முறை துடிக்கும், நொடிக்கு 7. ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் 1970-களில் உருவாக்கி, ஒமேகா 1999-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கோ-ஆக்சியல் என்ற துடிப்பு அமைப்பு அதில் இருக்கிறது. பழைய ஸ்பீட்மாஸ்டரின் 321 இயந்திரத்துக்கு நொடிக்கு 5 துடிப்பு. போலி செய்பவர்கள் மலிவாகக் கிடைக்கும் இயந்திரத்தைப் போட்டு மூடும்போது இந்த எண்ணில்தான் இடறுவார்கள். சுவிட்சர்லாந்தின் ஈட்டா நிறுவனத்தின் 2824 இயந்திரத்தைப் பார்த்துச் செய்த நகல்கள் சந்தையில் தாராளம். அவை நொடிக்கு 8 முறை துடிக்கும். வெளியே 8800 இருக்க வேண்டிய புத்தம்புது சீமாஸ்டர், உள்ளே 8 துடிப்பு என்றால் கதை முடிந்தது.

இதைப் பார்க்க டைம்கிராஃபர் கூடத் தேவையில்லை. மொபைலில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் ஸ்லோமோஷன் வசதி இருந்தால் போதும். நொடி முள்ளைப் படமெடுத்து, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றிய முள், குட்டிக் குட்டித் தாவல்களாகப் போவது தெரியும். 8 துடிப்பு வாட்சில் ஒரு தாவலுக்கு 30 படங்கள். 7 துடிப்பில் 34-க்குச் சற்று மேல். 5 துடிப்பில் 48. விற்பவர் வேறு ஊரில் இருந்தாலும் இப்படி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். "ஒரிஜினல் என்றால் முள் வழுக்கிக்கொண்டு போகும், டூப்ளிகேட் என்றால் டிக் டிக்கென்று குதிக்கும்" என்று காலங்காலமாகச் சொல்லப்படும் சூத்திரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். பேட்டரியில் ஓடிய குவார்ட்ஸ் போலிகளோடு அந்தச் சூத்திரமும் காலாவதியாகிவிட்டது. இன்றைய 'ஃபர்ஸ்ட் காப்பி'களில் மெக்கானிக்கல் இயந்திரம் ஓடுகிறது. முள் நன்றாகவே வழுக்கும்.

துடிப்பு பொருந்தியதாலேயே அசல் என்று சொல்லிவிடவும் முடியாது. ரோலக்ஸின் இயந்திரத்தையே அச்சு அசலாக நகலெடுத்து, அதே 8 துடிப்பில் ஓடவிடும் போலிகள் வந்துவிட்டன. அங்கே பொருள் பேச வேண்டும். ரோலக்ஸ் தன் பல இயந்திரங்களில் நியோபியமும் சிர்கோனியமும் கலந்த உலோகத்தில் ஹேர் ஸ்பிரிங் செய்கிறது. தலைமுடி போன்ற அந்தச் சுருளின் நீல நிறம், பரப்பில் படிந்த ஆக்சைடால் வருவது. நகலில் வேறு உலோகச் சுருளுக்கு நீல நிறம் ஏற்றிவிடலாம். காந்தத்தைப் பொருட்படுத்தாத குணத்தை ஏற்ற முடியாது. பின்மூடியைத் திறந்து பார்க்கும் அனுபவசாலிக்கு இன்னும் பல விஷயங்கள் கண்ணில் படும்: தகடுகளின் ஓரச் சரிவு, திருகுத் தலையின் வெட்டுக்குள் இருக்கும் மெருகு, பேலன்ஸ் சக்கரத்தின் உட்புறத்தில் வேகத்தைத் திருத்துவதற்கென்று வைத்த நுண்ணிய மரைகள்.

அடுத்த சாட்சி வெளிச்சம். என் மனத்துக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் இங்கே வாட்ச் காட்டும் நேரத்தோடு அணுக்கரு காட்டும் நேரமும் சேர்ந்து ஓடுகிறது. இருட்டில் ஒளிரும் முட்களுக்கும் எண்களுக்கும் 20-ம் நூற்றாண்டின் முற்பாதியில் ரேடியம் பூசினார்கள். துத்தநாக சல்ஃபைடு பொடியோடு ரேடியத்தைக் கலந்தால், ரேடியம் உமிழும் ஆல்ஃபா துகள்கள் மோதி அந்தப் பொடி ஒளிரும். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி இந்தக் கலவையைப் பூசிய அமெரிக்கத் தொழிலாளிப் பெண்கள் தாடை எலும்பு அழுகியும் புற்றுநோய் கண்டும் இறந்தார்கள். தொழிலிடப் பாதுகாப்பின் வரலாற்றில் அவர்கள் பெயர் நிலைத்திருக்கிறது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். ஆகவே 1950-களில் பூசிய ரேடியம் இன்றும் கிட்டத்தட்ட முழுதாக அங்கேயே இருக்கிறது. ஆனால் வாட்ச் ஒளிராது. இடைவிடாத மோதலில் துத்தநாக சல்ஃபைடு சிதைந்துபோயிருக்கும். கண்ணுக்கு இறந்துவிட்ட அந்த டயலின் பக்கத்தில் கைகர் மானியை வைத்தால் கண்ணாடியையும் தாண்டிச் சடசடவென்று சத்தம் வரும்.

1960-களில் ரேடியத்தின் இடத்தை டிரிட்டியம் பிடித்தது. இது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். அரை ஆயுள் 12.3 ஆண்டுகள்தான். இதன் கதிர் மிகவும் பலவீனமானது; வாட்ச் கண்ணாடியைக்கூடத் தாண்டாது. டிரிட்டியம் பூசிய டயல்களின் அடியில், 6 மணிக்குக் கீழே, சுவிஸ் என்ற சொல்லோடு சேர்த்து ஆங்கில 'டி' எழுத்தை அச்சிட்டார்கள். 1993-ல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கதிரியக்கமே இல்லாத ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பொடியைக் கொண்டுவந்தது. வெளிச்சத்தைக் குடித்துவைத்து மணிக்கணக்கில் திருப்பித் தரும் பொருள் அது. 1990-களின் இறுதிக்குள் சுவிஸ் வாட்சுகளில் பெரும்பாலானவை அதற்கு மாறிவிட்டன.

இப்போது கணக்குப் போடுங்கள். "1985 மாடல், டயலும் முள்ளும் ஒரிஜினல், எதையும் தொடவில்லை" என்று ஒருவர் விற்கிறார். அவர் சொல்வது உண்மையானால் அதில் பூசியது டிரிட்டியம். 40 ஆண்டுகளில் அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். இருட்டறையில் மங்கலாகத் தெரிந்தாலே அதிகம். யூ.வி. டார்ச்சை அடித்துவிட்டு அணைத்தால் ஒரு கணம் மின்னி, உடனே செத்துவிடும். மாறாக முட்கள் மட்டும் பச்சைப் பசேலென்று அரை மணி நேரம் ஒளிர்ந்துகொண்டிருந்தால், அந்த முட்களின் பூச்சு 1990-களுக்கு முந்தியது அல்ல. சர்வீஸில் மாற்றியிருக்கலாம், புதிதாகப் பூசியிருக்கலாம். மாற்றியது குற்றமில்லை, அதைச் சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை. டயலில் இருக்கும் புள்ளிகளும் முட்களும் ஒரே மாதிரி மங்குகின்றனவா என்று பாருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டார்ச்சும் இருட்டறையும் போதும். ரேடியம் டயல் என்று சந்தேகம் வந்தால் மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். உதிர்ந்த தூளை மூச்சில் இழுப்பது ஆபத்து.

உலோகத்தை விசாரிக்க நம் ஊர் நகைக்கடைகளிலேயே கருவி இருக்கிறது. பழைய நகையை மாற்றப் போனால் சிறு பெட்டிக்குள் வைத்து, தங்கம் இத்தனை சதவீதம், செம்பு இத்தனை, வெள்ளி இத்தனை என்று திரையில் காட்டுவார்களே, அந்தக் காரட் மீட்டர்தான். எக்ஸ் கதிர் ஓர் அணுவின் உள்வட்ட எலெக்ட்ரானைத் தட்டிவிடும்; காலியான இடத்துக்கு வெளிவட்ட எலெக்ட்ரான் ஒன்று இறங்கி வரும்; இறங்கும்போது தன் பங்குக்கு ஓர் எக்ஸ் கதிரை உமிழும். அந்தக் கதிரின் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறுபடும்; அந்த வேறுபாட்டில் உள்ள ஒழுங்கை 1913-ல் அளந்து காட்டியவர் ஹென்றி மோஸ்லி. இரண்டு ஆண்டுகள் கழித்து, 27 வயதில், முதல் உலகப் போரில் கலிப்போலியில் குண்டுபட்டு இறந்தார். ரோலக்ஸ் பயன்படுத்தும் 904எல் என்ற எஃகில் நிக்கல் ஏறக்குறைய 25 சதவீதம், மாலிப்டினம் 4 சதவீதத்துக்கு மேல், கொஞ்சம் செம்பும் உண்டு. மற்ற வாட்சுகளில் வழக்கமாக வரும் 316எல் எஃகில் நிக்கல் அதில் பாதிதான்; மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இந்தக் கருவி அரை நிமிடத்தில் பிரித்துவிடும். ஆனால் இங்கேயும் ஒரு பக்கம்தான் உறுதி. 904எல் அல்லாத எஃகுக் கூடு இன்றைய ரோலக்ஸாக இருக்க முடியாது. 904எல் இருப்பதாலேயே ரோலக்ஸ் ஆகிவிடாது. ரசாயனத் தொழிற்சாலைகளுக்காக உருவான எஃகு அது, யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

கண்ணாடி இன்று பெரிதாக எதையும் சொல்வதில்லை. செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை ஓகஸ்ட் வெர்னுய் 1902-ல் வெளியிட்டார்; அதே வழியில் வந்த, வாட்ச் கண்ணாடியாகும் செயற்கை நீலக்கல் படிப்படியாக மலிந்து, இப்போது போலிகளிலும் அதே கண்ணாடிதான். கண்ணாடியில் நீர்த்துளி உருண்டு நிற்கிறதா என்று பார்ப்பதெல்லாம் வீண். பழைய வாட்சில் மட்டும் கண்ணாடி தலைகீழாகச் சாட்சி சொல்லும்: 1957 ஸ்பீட்மாஸ்டருக்கு வந்தது பிளாஸ்டிக் வகைக் கண்ணாடி, அதில் நீலக்கல் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

டயல் அப்படியில்லை. அதற்காகக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸ் போதும். டயலின் எழுத்துகளை அச்சிட, குழி வெட்டிய தகட்டில் மையை நிரப்பி, மெத்தென்ற திண்டு ஒன்றால் அதைத் தொட்டெடுத்து டயலில் பதிப்பார்கள். முன்பு ஜெலட்டின் திண்டு, இப்போது சிலிகோன். நல்ல டயல்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல முறை பதிப்பார்கள். லென்ஸில் பார்த்தால் எழுத்து லேசாக மேடிட்டு, ஓரம் கத்தியால் சீவியதுபோலத் தெரியும். மலிவான அச்சில் ஓரம் பிசிறடித்திருக்கும்; எழுத்தின் வளைவில் மை ஒரு பக்கம் தேங்கியிருக்கும். எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை அதே ஆண்டின் அசல் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தின் வடிவத்தை நகலெடுப்பவர்கள்கூட இடைவெளியில் கோட்டைவிடுவார்கள்.

ஜெனீவா வாட்சின் விலையை ஏற்றிய சாக்லேட் நிறமும் டயல் சமாச்சாரம்தான். சில கறுப்பு டயல்களில் பயன்படுத்திய பூச்சு வெயிலையும் ஈரத்தையும் தாங்காமல் பழுப்பேறியது. குறைபாடுதான் அது, ஆனால் அரிதாகவும் அழகாகவும் அமைந்துவிட்டதால் 'டிராபிக்கல்' என்று பெயர் சூட்டி, கொட்டிக் கொடுத்து வாங்குகிறார்கள். குறைபாட்டுக்கு விலை கிடைத்தவுடன் குறைபாட்டைச் செய்யும் ஆட்களும் முளைத்துவிட்டார்கள். சூடேற்றியும் புற ஊதா ஒளியில் வாட்டியும் டயலைப் பழுப்பாக்க முடியும். அதனால் டயல் மட்டும் முதுமை காட்டி, கூடும் முட்களும் இளமையாக இருக்கும் வாட்சை நான் நம்பமாட்டேன்.

நம் நாட்டில் இணையத்தில் பழைய வாட்ச் தேடுகிற யாரும் இதன் உள்ளூர் வடிவத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. பழைய எச்.எம்.டி., ஃபேவர்-லூபா, ஒமேகா என்று சில ஆயிரம் ரூபாய்க்கு, புத்தம்புதிதாக மின்னும் டயலோடு, கிளிப்பச்சையிலும் ஆரஞ்சிலும் கிடைக்கின்றன. சேகரிப்பாளர்கள் இவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்கிறார்கள். இயந்திரம் பெரும்பாலும் பழையது, உண்மையானதும்கூட. டயல் நேற்று பூசியது. கூடு வேறு எங்கோ கிடைத்தது. ஜெனீவாவில் நடந்த அதே வேலைதான், நோக்கத்திலும் விலையிலும்தான் வித்தியாசம். 1961-ல் பெங்களூரில் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு வாட்ச் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் மேல் பற்றுள்ளவர்களுக்கு இது வருத்தமான விஷயம். அப்பா கட்டியிருந்த ஜனதா மாடலைப் போல ஒன்று வேண்டும் என்று ஆசையாக வாங்குகிறவருக்கு, அந்த நிறுவனம் ஒருபோதும் செய்யாத டயல் வந்து சேருகிறது. நாற்பது ஆண்டு ஓடிய வாட்சின் டயலில் ஒரு புள்ளிகூட இல்லை என்றால் மகிழ்ச்சியடைவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

இனி காகிதம். பெட்டி, பில், வாரண்டி கார்டு மூன்றும் இருந்தால் 'ஃபுல் செட்' என்று விலை கூடுகிறது. ஆனால் வாட்சைவிடக் கார்டைப் போலியாகச் செய்வது எளிது. எண்தான் முக்கியம். பழைய ரோலக்ஸில் ஸ்ட்ராப் சேரும் கொம்புகளுக்கு நடுவே, 6 மணிப் பக்கம் எண் இருக்கும். ஸ்ட்ராப்பைக் கழற்றினால்தான் தெரியும். அசலில் அந்த வெட்டு ஆழமாக, கூர்மையாக, சாய்த்தால் பளிச்சிடும். போலியில் பல சமயம் அமிலத்தால் அரித்த சொரசொரப்பு இருக்கும். போலி செய்கிறவர்கள் ஒரே எண்ணை ஆயிரக்கணக்கில் அடிப்பதும் உண்டு. அந்த எண்ணை இணையத்தில் தேடினாலே கூட்டாளிகள் வரிசையாக வந்து நிற்பார்கள். எண் சொல்லும் ஆண்டும், டயலின் அடியில் உள்ள 'டி' எழுத்தும், ஒளிரும் பூச்சும், இயந்திரமும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும்.

நிறுவனத்தின் பேரேடு இதற்கு மேல் ஒரு படி. பட்டேக் ஃபிலிப் நிறுவனத்திடம் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்த வாட்ச் எந்த ஆண்டு செய்யப்பட்டது, எப்போது விற்கப்பட்டது என்று பழைய ஆவணத்திலிருந்து எடுத்துத் தருவார்கள். ரோலக்ஸ் பொதுமக்களுக்கு இப்படித் தருவதில்லை. 2022 இறுதியில் அது தன் அங்கீகார விற்பனையாளர்கள் மூலம் பழைய ரோலக்ஸ்களைத் தானே சரிபார்த்துச் சான்றிதழோடு விற்கும் திட்டத்தைத் தொடங்கியது. விலை கூடுதல்தான், உறக்கம் கெடாது. பேரேடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இந்த எண்ணில் இப்படி ஒரு வாட்ச் பிறந்தது என்று மட்டுமே அது சொல்லும். உங்கள் மேசையில் இருப்பது அதுதானா என்பதை வாட்சைத் திறந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

முழுக்க அசலாக இருந்தும் வாங்கக் கூடாத வாட்ச் ஒன்று உண்டு: திருட்டு வாட்ச். லண்டனில் உள்ள 'தி வாட்ச் ரெஜிஸ்டர்' போன்ற அமைப்புகள் திருடுபோன வாட்சுகளின் எண்களைத் திரட்டி வைத்திருக்கின்றன. பெரிய தொகை போடுவதற்கு முன் எண்ணை அங்கே சரிபார்க்கலாம். காணாமல் போன வாட்சுகளில் உலகப் புகழ்பெற்ற ஒன்றும் ஒரு ஸ்பீட்மாஸ்டர்தான். 1969 ஜூலையில் நிலவில் நடந்தபோது விண்வெளி வீரர் ஆல்ட்ரின் அணிந்திருந்தது. ஆம்ஸ்ட்ராங் தன்னுடையதைக் கலத்திலேயே விட்டுச் சென்றதால், நிலவின் தரையைக் கண்ட முதல் வாட்ச் ஆல்ட்ரினுடையதுதான். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய வழியில் அது தொலைந்துபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

வாங்கும் முறைக்கு வருவோம். பணத்தை நேராக விற்பவரின் கணக்கில் போடாதீர்கள். சரக்கு வந்து, சரிபார்த்து, சரி என்று சொன்ன பிறகே பணத்தை விடுவிக்கும் இடைத்தரகு வசதியுள்ள தளத்தில் வாங்குங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே பின்மூடி திறந்த படம், கொம்புகளுக்கு நடுவே உள்ள எண், பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய காகிதத்தோடு டயல், ஸ்லோமோஷன் வீடியோ எல்லாம் கேளுங்கள். நேர்மையாக விற்பவர் சலித்துக்கொள்ளலாம், ஆனால் அனுப்புவார். இயந்திரம் தெரியும்படி கண்ணாடிப் பின்மூடி போட்ட ரோலக்ஸ் சப்மரீனர் என்று யாராவது காட்டினால் மேற்கொண்டு பேச வேண்டாம். ரோலக்ஸ் அப்படி ஒரு சப்மரீனரைச் செய்ததில்லை.

பார்சல் வந்ததும் உறையைப் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். தளம் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு நாட்கள் முடிவதற்குள் அந்த பிராண்டைத் திறந்து பழகிய வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோங்கள். பின்மூடியைத் திறப்பதை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். இயந்திரத்தின் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். படுக்க வைத்தும் நிற்க வைத்தும் டைம்கிராஃபரில் ஓடவிட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள வாட்சில் நிலை மாறும்போது வேகம் சில நொடிகளே மாறும். மூடும்போது பின்மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றி, நீர் புகுகிறதா என்ற அழுத்தச் சோதனையையும் செய்யச் சொல்லிவிடுங்கள். திறந்து மூடிய வாட்சை இந்தச் சோதனை இல்லாமல் கையில் கட்டிக்கொண்டு கிணற்றிலோ கடலிலோ இறங்க வேண்டாம்.